1880களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குப் போன கொள்ளுத்தாத்தாவின் சொந்த ஊரை இப்போது கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் ‘முனுசாமி, வட ஆற்காடு’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஆயுசுக்கும் ஆகாது. உங்கள் கையிலும் அவ்வளவுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் அவருடைய எண்ணைப் பிடியுங்கள். 1860-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போனது தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஆளுக்கொரு எண். அங்குள்ள குடும்பங்களின் பழைய பிறப்பு, கல்யாணக் காகிதங்களில் அது பல நேரம் இருக்கும். எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் பார்க்கலாம். (சாதியை ஏன் இழுக்கிறாய் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பட்டியலில் அந்தக் கட்டத்தைப் போட்டது வெள்ளைக்காரன்.)

என் மச்சான் ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறான். அவனுக்குத் தெரிந்த டர்பன் குடும்பம் ஒன்று இப்படித்தான் எண்ணோடு வந்தது. பட்டியலில் போளூர் தாலுகா, ஊர் புதூர். எங்கள் பக்கம் கல்லெறிந்தால் ஒரு புதூரில்தான் விழும்! போளூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டம். வட ஆற்காடு என்றதும் வேலூருக்கு ஓடாதீர்கள். அன்றைக்குச் சித்தூரும் அதில்தான் இருந்தது.

கடைசியில் கைகொடுத்தது குலதெய்வம். நான்கு தலைமுறையாகத் தமிழ் மறந்த வீட்டில் ஆடி மாதம் பச்சையம்மனுக்குப் பொங்கல் வைப்பது மட்டும் நிற்கவில்லை. பச்சையம்மனைக் கும்பிடுகிற பங்காளிகள் எந்தப் புதூரில் என்று விசாரித்துப் போனோம். திண்ணையில் இருந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி: “நெலத்துல பங்கு கேக்க வந்திருக்காங்களா?” இல்லை என்று சத்தியம் செய்யாத குறை. அப்புறம்தான், அவருடைய தாத்தாவின் சித்தப்பா ஒருவர் கோபித்துக்கொண்டு கப்பலேறிய கதை வெளியே வந்தது. ஆள் பெயரும் அப்பா பெயரும் பட்டியலோடு பொருந்தின. டி.என்.ஏ. பார்த்தாயா என்று கேட்பவர்களுக்கு: பார்க்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு இது போதுமாக இருந்தது.

வம்சாவளி தேடித் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களிடம் உஷார். அந்தக் குடும்பம் ஏற்கெனவே ஒருவரிடம் ஏமாந்திருந்தது. நான் டீசல் காசுகூட வாங்கவில்லை. ஆனாலும் ஊரில் ‘தரகு எவ்வளவு?’ என்று கேட்கிறார்கள். அந்தப் பெரியவரின் பேரன் வேறு, டர்பனில் வேலை இருக்கிறதா என்று தினம் வாட்ஸ்அப்பில் கேட்கிறான். அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம்.