மதுரையைச் சுற்றி இரண்டு நாள் தொல்லியல் உலா: கேள்வி பதில்

மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, சமணர் மலை, கீழடி ஆகிய ஐந்து இடங்களுக்கும் வழிகாட்டியோடு போக நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

ஐயா, சனி ஞாயிறு மட்டும்தான் லீவு. எந்த வரிசையில் போகலாம்?

மேலூர்ப் பக்கத்து மூன்றும் முதல் நாள், மற்ற இரண்டும் மறுநாள். காலை 6 மணிக்கு மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பி நேராக மாங்குளம் போங்கள். ஏற்றம் அதிகமுள்ள இடம் அதுதான். பாறை சூடேறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். ஏறவும் பார்க்கவும் இறங்கவும் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அரிட்டாபட்டி, மேலூரில் மதியச் சாப்பாடு, சாயங்காலம் கீழவளவு. ஞாயிறு காலை கீழக்குயில்குடிச் சமணர் மலை. வெயில் ஏறிய பிறகு கீழடி அருங்காட்சியகம். அதற்கு வார விடுமுறை நாள் உண்டு, நேரத்தையும் சேர்த்து முன்பே கேட்டு வையுங்கள். இதற்கு மேல் ஆறாவது இடம் எதையும் திணிக்க வேண்டாம். திணித்தால் எதையும் நின்று பார்க்க முடியாது.

மாங்குளம் ஊருக்குள் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லையே அண்ணா?

கல்வெட்டுகள் இருப்பது மீனாட்சிபுரத்து மலையில். "மீனாட்சிபுரம் ஓவாமலை" என்று கேளுங்கள். கீழவளவில் "பஞ்சபாண்டவர் மலை" என்றால்தான் வழி சொல்வார்கள். ஊர்ச் சாலைகள் குறுகல் என்பதால் பெரிய பஸ் வேண்டாம், வேன் போதும். ஆளும் 15 பேருக்கு மேல் கூடாது. குகை விளிம்பில் அதற்கு மேல் நிற்க இடமில்லை. பின்னால் நிற்பவர்களுக்கு வழிகாட்டி சொல்வது காதில் விழாது.

பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறார்களே, உண்மையில் அது என்ன?

சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைகள். தலைமாட்டில் பாறையைச் சற்று உயர்த்தி விட்டிருப்பார்கள். குகை நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்காக அது. பெரும்பாலும் அதை ஒட்டித்தான் கல்வெட்டு இருக்கும். எனவே எந்தக் குகைக்குப் போனாலும் முதலில் காடியைத் தேடுங்கள். மாங்குளத்துக் குகைகளில் ஆறு கல்வெட்டுகள், தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் வெட்டியவை. ராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்தவை. பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, கணி நந்தாசிரியர் என்ற துறவிக்குப் பள்ளி, அதாவது உறைவிடம், செய்வித்ததை ஒன்று சொல்கிறது. இன்னொன்றில் வெள்ளறை நிகமத்தோர், அதாவது வணிகக் குழுவினர், வருகிறார்கள். சங்கப் பாடல்களில் மட்டுமே கேட்ட ஒரு பாண்டியன் பெயரை அவன் காலத்துக் கல்லிலேயே பார்க்கலாம். ஏறும் சிரமத்துக்கு அது ஒன்றே போதும்.

போன வருடம் போனோம். பாறைதான் தெரிந்தது, எழுத்தே தெரியவில்லை. ஏன்?

உச்சி வெயிலில் போயிருப்பீர்கள். இந்த எழுத்துகள் ஆழமில்லாதவை. வெளிச்சம் பக்கவாட்டில், தாழ்ந்து விழுந்தால்தான் வெட்டுக்குள் நிழல் நிற்கும். மேலிருந்தோ நேரெதிரிலிருந்தோ வெளிச்சம் பட்டால் எழுத்து பாறையோடு கலந்துவிடும். செல்போன் ஃபிளாஷும் இதே கேடுதான். டார்ச் ஒன்றைப் பாறையை ஒட்டினாற்போல் ஓரத்தில் பிடித்து, வலமும் இடமும் மெல்ல நகர்த்துங்கள். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் தள்ளி நின்று ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கட்டும்.

சாக்பீஸ், மாவு, தண்ணீர், பெயின்ட் எதுவும் கூடாது. கல்லைக் கெடுப்பது ஒருபுறம். பாறை வெடிப்பையும் எழுத்தென்று நினைத்து நிரப்பிவிட்டால் அடுத்து வருபவர் தப்பாகப் படிப்பார். மைப்படி, அதாவது தாளை ஒட்டி மை தடவி எழுத்தைப் பதிவு செய்வது, அதற்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிராமி எழுத்து கற்றிருக்கிறேன். ஆனாலும் படித்தால் பொருள் வரவில்லை.

பழைய கல்வெட்டுகளில் எழுத்தின் பக்கத்தில் இழுக்கும் சிறு கோடு அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் பொது. கோடு இல்லாதது மெய். ஆகவே "மகன்" என்பது "மாகான" போலத் தோன்றும். இந்த முறையை மனதில் வைத்து மறுபடி படித்துப் பாருங்கள். கீழவளவில் இன்னொரு சிக்கல்: எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருக்கின்றன. "உபசஅன் தொண்டிலவோன் கொடு பளிஇ" என்பது வாசகம்; தொண்டிலவோன் கொடுத்த பள்ளி என்பது சாரம். அச்சிட்ட வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

வழிகாட்டிக்கு விஷயம் தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழவளவுக் கல்வெட்டில் என்ன விசேஷம் என்று போனிலேயே கேளுங்கள். தலைகீழ் எழுத்தைச் சொல்லாதவர் அங்கே நின்று பார்த்தவராக இருக்க வாய்ப்பில்லை. அரிட்டாபட்டியில் பாறையைக் குடைந்த சிவன் கோயிலில் லகுலீசர் (பாசுபத சைவத்தின் குரு) சிற்பம் எங்கே என்றும் கேட்கலாம்.

அரிட்டாபட்டிக்கு இப்போது போகலாமா?

போகலாம். அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட விடப்பட்ட ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. வல்லூறுகள் வாழும் பாறைகள் இருப்பதால் ஸ்பீக்கர் கூடாது. குடைவரையில் வழிபாடு நடக்கிறது, செருப்பை வெளியே விடுங்கள்.

கீழடியில் அகழாய்வுக் குழிகளைப் பார்க்க முடியுமா சார்?

அதை நம்பிப் போக வேண்டாம். பதிவு முடிந்ததும் குழிகளை மூடிவிடுவதுதான் வழக்கம். செங்கல் கட்டுமானமும், சுடுமண் வளையங்களை அடுக்கிய உறைகிணறும் வெயிலிலும் மழையிலும் சிதையும். பொருள்களை அருங்காட்சியகத்தில் பாருங்கள்: தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துள்ள பானை ஓடுகள், நூல் நூற்கும் தக்களிகள், தந்தப் பகடை, சூதுபவள மணிகள். அங்கே சொல்லப்படும் கி.மு. 580, நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி மாதிரியின் காலம். எழுத்துள்ள ஒவ்வோர் ஓட்டுக்கும் அதே வயது என்று பொருளல்ல. ஓடு எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதைத்தான் கேட்க வேண்டும். இதைப் பிரித்துச் சொல்லும் வழிகாட்டியை நம்பலாம்.

அம்மாவுக்கு 68 வயது, பையனுக்கு 9. என்ன எடுத்துப் போக வேண்டும்?

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள ஷூ, இரண்டு டார்ச். அம்மா மாங்குளம் ஏற வேண்டாம், கீழடி அவருக்கு ஏற்றது. மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். அன்று மலையைத் தள்ளிப்போடுங்கள். பாறை இடுக்குகளில் மலைத்தேனீ கூடுகள் இருக்கும். சென்ட் வேண்டாம், புகை கூடவே கூடாது, கூட்டின் மேல் டார்ச் அடிக்காதீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம்; ஏப்ரல், மே மாதங்களில் குழந்தையோடு போகாதீர்கள்.