ஆச்சியிடம் கேளுங்கள்: பலகாரம், கடன், கடை வேலை

காரைக்குடியில் ஆர்டருக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்களுக்குக் கடன் படிவம் நிரப்பவும் உதவுகிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்.

பள்ளத்தூரிலிருந்து: ஆச்சி, கல்யாண வீடுகளுக்குச் சீப்புச்சீடை, மனகோலம், அதிரசம் செய்து தருகிறேன். ஆர்டருக்குக் குறைவில்லை. ஆனால் கையில் காசு நிற்பதில்லையே?

நீங்கள் சொல்லும் விலையில் உங்கள் கூலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தங்கச்சி. அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ் எல்லாவற்றையும் எழுதுகிறோம். விடியற்காலையில் எழுந்து மாவு சலித்ததையும், மதியம் வரை அடுப்படியில் வெந்ததையும் எழுதுவதில்லை. வீட்டு வேலையோடு ஒன்றாக நினைத்துவிடுகிறோம். உதாரணத்துக்கு, 10 கிலோ சீடை போட இரண்டு பேர் அரை நாள் உட்கார்ந்தால் ஆளுக்கு 400 ரூபாய் வையுங்கள். மொத்தம் 800, கிலோவுக்கு 80. அந்த 80 விலையில் இல்லையென்றால், அதைக் கல்யாண வீட்டுக்கு நீங்கள் மொய் எழுதிவிட்டதாகத்தான் அர்த்தம்.

உதவிக்கு வரும் நாத்தனாருக்கும் கூலி போடுங்கள். "சொந்தத்துக்குள்ளே என்ன இவ்வளவு விலை?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மனம் இருந்தால் லாபத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், கூலியில் கை வைக்காதீர்கள். அப்புறம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிடுங்கள். சிறு தயாரிப்பாளர்களுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருந்தால் கடைக்காரர்கள் தைரியமாக வாங்கி வைப்பார்கள்.

ஆத்தங்குடியிலிருந்து: மசாலாப் பொடி அரைக்கும் யூனிட் போட 5 லட்சம் ஆகும். வேலை முழுக்க நான்தான் பார்க்கப்போகிறேன். ஆனால் வீட்டில், "கடனை உன் வீட்டுக்காரர் பெயரில் வாங்கு, அதுதான் மரியாதை" என்கிறார்கள்.

வேலை உங்களுடையது என்றால் பெயரும் உங்களுடையதாகவே இருக்கட்டும். இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். பணக் கணக்காகப் பார்த்தாலும் அதுதான் சரி. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் பொதுப் பிரிவு ஆணுக்கு மானியம் 25 சதவீதம், பெண்ணுக்கு 35. உங்கள் 5 லட்சத்துக்கு அவர் பெயரில் 1.25 லட்சம், உங்கள் பெயரில் 1.75 லட்சம். கைமுதலும் அவர் 10 சதவீதம் போட வேண்டிய இடத்தில் நீங்கள் 5 போட்டால் போதும். மானியம் உடனே கைக்கு வராது. 3 ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும். புதிய தொழிலுக்கு மட்டுமே இது உண்டு, அதனால் இயந்திரத்தை முன்னாலேயே வாங்கிவிடாமல் சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கடன் உங்கள் பெயரில், வரவு வேறொருவர் கையில் என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தவணை தவறினால் வங்கி உங்களைத்தான் கேட்கும். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, கடையில் ஒட்டும் கியூஆர் அட்டை மூன்றும் உங்கள் கணக்கோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் உதவியாக நிற்கட்டும், நல்லதுதான்.

காரைக்குடியில் ஜவுளிக்கடையில் வேலை. காலையிலிருந்து இரவு வரை உட்காரவே விடுவதில்லை. இப்போது நான் 4 மாதக் கர்ப்பிணி.

உட்கார இருக்கை தருவது முதலாளியின் கருணை இல்லை, சட்டம். 2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி இதைக் கட்டாயமாக்கினார்கள். மேலாளரிடம் நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள், ஒருவராகப் போனால் எளிதில் மிரட்டிவிடுவார்கள். மறுத்தால் தொழிலாளர் துறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். கடையில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்து, பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கர்ப்பத்தைக் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது. சம்பளச் சீட்டு தருவதில்லை என்றால் வருகைப் பதிவையும் வங்கியில் சம்பளம் ஏறியதையும் போட்டோ எடுத்து வையுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆத்தா.

கானாடுகாத்தானிலிருந்து: பெரிய வீட்டில் எங்களுக்கு ஒரு பங்கு. அந்த வீட்டை வைத்துக் கடன் கிடைக்குமா? வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) ஊறுகாய் போட்டு விற்கலாமா?

பல பங்காளிகள் இருக்கும் பொது வீட்டை வங்கி ஈடாக எடுப்பது கடினம். அதற்காக அலையாமல் முத்ரா கடன் கேளுங்கள், அதற்கு ஈடு வேண்டாம். 50,000 ரூபாய் வரை சிசு பிரிவு, ஊறுகாய்க்கு அதுவே நல்ல தொடக்கம். வளவில் செய்வதென்றால் மற்றப் பங்காளிகளின் சம்மதத்தை எழுதி வாங்குங்கள். இன்றைக்குச் சரி என்பவர்கள், வியாபாரம் பெருத்த பிறகு வேறு மாதிரி பேசலாம். கிடைக்காவிட்டால் ஊருக்குள் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துவிடலாம்.

58 வயதாகிறது. இனிமேல் எனக்குக் கடன் கொடுப்பார்களா?

ஆத்தங்குடித் தங்கைக்குச் சொன்ன திட்டத்தில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மேல் வரம்பு கிடையாது. ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு தொழில் மையத்துக்குக் கிளம்புங்கள், ஆச்சி.