டயலில் இருப்பது கடையின் பெயர்

கேள்வி: ஐயா, தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டில் ஆளைவிட உயரமான பெண்டுலம் கடிகாரம் ஒன்று நிற்கிறது. மூன்று குண்டுகள் தொங்குகின்றன. கால் மணிக்கு ஒருமுறை பாடும். உள்ளே, அடித்தால் ஒலிக்கும் ஐந்து சுருள் கம்பிகள். டயலில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. "அந்தக் கம்பெனிக்காரர்கள் லண்டனில் செய்தது" என்கிறார் மைத்துனர். மெஷினின் முதுகுப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அடியில் 'டபிள்யூ அண்ட் ஹெச்' என்று தெரிகிறதே, பழுது பார்த்தவரின் முதலெழுத்தா? செய்தது யார்?
— வாசகி, தேவகோட்டை

பதில்: அம்மா, மைத்துனரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், அது லண்டனும் இல்லை, மெட்ராஸும் இல்லை. மவுண்ட் ரோட்டில் பெரிய கடை வைத்திருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் அதை விற்றவர்கள். சீமையிலிருந்து மெஷினை வரவழைத்து, டயலில் தங்கள் பெயரைப் போட்டுக் கொடுப்பது அந்தக் காலக் கடைகளின் வழக்கம். மஞ்சள் பையில் கடைப் பெயர் இருப்பதால் உள்ளே இருக்கும் சேலையை அந்த முதலாளியா நெய்தார்?

செய்தவர் பெயருக்கு டயலைப் பார்க்கக் கூடாது, மெஷினின் முதுகைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் அதைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'டபிள்யூ அண்ட் ஹெச்' என்பதோடு எழுத்து முடியவில்லை, பக்கத்திலேயே 'எஸ் சி ஹெச்' என்று சிறியதாக இருக்கிறது. எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஓரம் சுத்தமாகப் பித்தளைக்குள் இறங்கியிருக்கின்றன. அச்சு வைத்து அடித்த முத்திரை அது. பழுது பார்ப்பவர்கள் அப்படி அடிப்பதில்லை, ஊசி முனையால் கீறுவார்கள். உங்கள் படத்திலேயே இரண்டும் இருக்கின்றன: இடது மேல் மூலையில் கோணல் மாணலாக '12.3.31' என்று கீறியிருக்கிறதே, அது யாரோ ஒருவர் மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்த நாள். எங்கள் தொழிலில் இன்றும் சிலர் அப்படிச் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன்.

முத்திரைக்கு உரியவர்கள் விண்டர்ஹால்டர் அண்ட் ஹாஃப்மையர். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதிக்காரர்கள். கடைசி மூன்று எழுத்து அவர்கள் தொழில் தொடங்கிய ஷ்வார்ட்சன்பாக் என்ற ஊரைக் குறிக்கிறது. பிறகு பக்கத்தில் உள்ள நோய்ஸ்டாட்டிலும் தொழிற்சாலை வைத்தார்கள். 1930-களில் மூடிவிட்டார்கள். கருங்காடு என்றதும் மரத்தில் செய்த குயில் கடிகாரம் நினைவுக்கு வரும். இவர்கள் அந்த ரகம் இல்லை. கனமான பித்தளை பிளேட்டுகள், நேர்த்தியான பல்சக்கரங்கள் என்று ஆங்கிலேயர் விரும்பும் கட்டுமானத்தில் செய்து, இங்கிலாந்துக்கு ஏராளமாக அனுப்பினார்கள். ஆங்கிலேயப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டால் கைதேர்ந்தவர்களே லண்டன் மெஷின் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் மைத்துனரையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது.

பாட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. நான்கு சுரங்களில் கால் மணிக்குக் கால் மணி வளரும் அந்த மெட்டு 1793-ல் கேம்பிரிட்ஜ் தேவாலயம் ஒன்றுக்காக அமைந்தது. லண்டன் பிக் பென் அதை எடுத்துக்கொண்ட பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. எல்லாக் கம்பெனியும் அதையே போட்டார்கள். உங்களுடையதில் நான்கு கம்பி பாட்டுக்கு, ஐந்தாவது மணி அடிக்க.

அப்புறம் வயது. 1931 மார்ச்சில் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்றால் அதற்குச் சில வருடமாவது முன்பு வாங்கியிருக்க வேண்டும். 1914-ல் போர் மூண்டதும் ஜெர்மன் சரக்கு இங்கே வருவது நின்றுபோனது. சுருள் கம்பியும் பழைய பாணி, நேர் கம்பிகள் பிற்பாடுதான் பரவின. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 1890-க்கும் 1914-க்கும் நடுவில் என்பது என் கணிப்பு. 'ஜெர்மனி' என்ற சொல் பிளேட்டில் இல்லையே என்று குழம்ப வேண்டாம். வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயரைக் கேட்கும் சட்டம் பிரிட்டனில் 1887-லேயே வந்துவிட்டது, ஆனாலும் எல்லா மெஷினிலும் அதை அடிக்கவில்லை.

மெஷின் அந்தப் பெட்டிக்கே பிறந்ததா என்று ஒருமுறை பாருங்கள். மெஷின் உட்கார்ந்திருக்கும் பலகையில் உபயோகமில்லாத பழைய ஆணித்துளைகள் இருந்தால், ஓரத்தில் புது மரத்துண்டு ஒட்டியிருந்தால், எங்கிருந்தோ கொண்டுவந்து பொருத்தியது என்று அர்த்தம். விலை பேசும்போது இது முக்கியம்.

கழற்றுவதாக இருந்தால் முதலில் குண்டுகள், அடுத்து பெண்டுலம், அதற்குப் பிறகுதான் மெஷின். மூன்று குண்டும் ஒரே எடை என்று நினைக்காதீர்கள், பாட்டை ஓட்டும் வலது குண்டு பெரும்பாலும் கனமானது. எது எந்தப் பக்கம் என்று சீட்டு ஒட்டிவிடுங்கள். டயலில் எண்கள் இருக்கும் வளையத்தைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. அது பித்தளைமேல் பூசிய மெல்லிய வெள்ளி. ஒரு தடவை தேய்த்தால் வெள்ளி போய் மஞ்சள் தெரியும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாக இறுகித் துளைகளைத் தின்றுவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பெரிய கடிகாரத்தின் மெஷினில் 'ஹெர்ம்லே, 1161-853, 94 செ.மீ., 66' என்றும் தனியாக '84' என்றும் இருக்கிறது. 1884-ஆம் வருடத்துப் பழம்பொருள் என்று சொல்லி விற்றார்கள். உண்மையா?
— வாசகர், திருச்சி

பதில்: ஹெர்ம்லே கம்பெனியே 1922-ல் கோஸ்ஹைம் ஊரில் ஆரம்பித்ததுதான் தம்பி! 84 என்றால் 1984. அந்தக் கம்பெனி வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தை அடித்துவந்தது, 1988 முதல் எழுத்துக்கு மாறியது. 1161-853 மெஷினின் ரகம், 94 பெண்டுலத்தின் நீளம், 66 என்பது நிமிடத்துக்கு எத்தனை 'டிக்' என்பது. நல்ல மெஷின், உதிரிபாகமும் கிடைக்கும், தாராளமாக ஓட விடுங்கள். பழம்பொருள் விலை கொடுத்திருந்தால் மட்டும், ரசீதை எடுத்துக்கொண்டு விற்றவரைப் போய்ப் பாருங்கள்.