ஒரே பிரச்சினைக்கு இரண்டு புத்தகங்கள்

கேள்வி: சமூகப் பிரச்சினைகளைப் பேசும் புதிய அபுனைவு (கற்பனை அல்லாத) நூல்களையும் மொழிபெயர்ப்பு நாவல்களையும் ஆங்கிலத்தில் வாசிக்கிறேன். பரிசுப் பட்டியலைப் பார்த்து வாங்கியவை பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பட்டியலை ஒதுக்கிவிட்டு, உங்களை உறுத்தும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிய ஒரு நாவல், ஒரு அபுனைவு என்று சேர்த்தே வாசியுங்கள். ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்பும்.

அகதிகள் பற்றி என்றால் ஜென்னி எர்பென்பெக்கின் 'கோ, வென்ட், கான்' முதலில். ஜெர்மனிலிருந்து சூசன் பெர்னோஃப்ஸ்கி மொழிபெயர்த்தது. பெர்லினில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஆப்பிரிக்க அகதிகளைத் தேடிப்போய்ப் பேசத் தொடங்குகிறார். ஐரோப்பாவுக்குள் முதலில் நுழைந்த நாட்டில்தான் தஞ்சம் கேட்க வேண்டும் என்னும் டப்ளின் விதி, வேலை செய்யத் துடிக்கும் இளைஞர்களை எப்படிச் சும்மா உட்காரவைக்கிறது என்பது கதையோடு கதையாகப் புரிந்துவிடும். அடுத்து சாலி ஹெய்டனின் 'மை ஃபோர்த் டைம், வி ட்ரௌண்ட்' (2022). லிபியத் தடுப்பு முகாமிலிருந்து 2018இல் ஃபேஸ்புக்கில் வந்த ஒரு செய்தியில் தொடங்கும் புலனாய்வு இது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஹெய்டன் காட்டும் கொடுமைகள் அடுக்கடுக்காக வருபவை. ஒரு மனிதரையாவது நெருங்கி அறிந்த பிறகு படித்தால்தான் மனம் மரத்துப்போகாது.

பெண்கள் நிலை பற்றி என்றால் சோ நாம்-ஜூவின் 'கிம் ஜியங், பார்ன் 1982'. கொரிய மொழியிலிருந்து ஜேமி சாங் மொழிபெயர்த்த இந்நாவல் 200 பக்கத்துக்குள் முடிந்துவிடும். கதைக்கு நடுவே புள்ளிவிவர அடிக்குறிப்புகள் வரும், தாண்டிப் போகாதீர்கள். துணைக்கு கரோலின் கிரியாடோ பெரஸின் 'இன்விசிபிள் விமன்' (2019). இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, வேலை, மருத்துவம், வடிவமைப்பு என்று வேண்டிய பகுதிக்குப் போகலாம்.

அபுனைவில் 'புதியது' என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். கார் விபத்தில் பெண்களுக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 47 சதவீதம் அதிகம் என்று கிரியாடோ பெரஸ் எழுதுகிறார். அது 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வின் கணக்கு. அந்த ஆய்வு எடுத்துக்கொண்டதோ 1998 முதல் 2008 வரையிலான விபத்துகளை. கணக்கு தவறு என்று இதற்குப் பொருளில்லை. எந்த நாடு, எந்த ஆண்டு என்று தெரியாமல் அதை இன்றைய நிலவரமாகப் பிறரிடம் சொல்வதுதான் தவறு. வாங்கும் முன் புத்தகத்தின் கடைசியில் உள்ள ஆதாரக் குறிப்புகளைப் புரட்டுங்கள். குறிப்பே இல்லாமல் எண்களாக நிறைந்திருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடலாம்.

நாவல் என்றால் பதிப்புரிமைப் பக்கத்தைப் புரட்டுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறதா, மூலத்திலிருந்து நேரடியாக வந்ததா, சுருக்கப் பதிப்பா என்று பாருங்கள். முன்னுரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல முன்னுரைகள் முடிவைச் சொல்லிவிடும். நாவலைப் பாதியில் விடுவதற்குப் பெயர்க் குழப்பமும் ஒரு காரணமாகலாம். முதல் 30 பக்கங்களுக்குள் வரும் பெயர்களையும் உறவுகளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் புத்தகத்திலேயே செருகிவையுங்கள்.