விழக் கற்றுக்கொடுங்கள், டீச்சர்

வணக்கம் ஐயா,

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 36 பிள்ளைகள். போன பருவத்தில் விளையாட்டு வகுப்பில் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவரும் போட்டி வைத்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வேகமாகப் போய்ச் சுவரில் கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அவன் அப்பா பள்ளிக்கு வந்து சத்தம் போட்டார். அன்றிலிருந்து யாரையும் வெளியே விடவேண்டாம் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். இப்போது பி.டி. பீரியடில் கேரம், செஸ், இல்லாவிட்டால் வாய்ப்பாடு. எங்களுக்கு பி.இ.டி. (உடற்கல்வி ஆசிரியர்) கிடையாது. எனக்கும் விளையாட்டில் பயிற்சி இல்லை. பிள்ளைகள் தினமும் 'வெளிய விடுங்க டீச்சர்' என்று கெஞ்சுகிறார்கள். விட்டால் இன்னொருவனுக்கு அடிபடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

(பெயரும் ஊரும் வேண்டாம்.)

அன்புள்ள டீச்சர்,

வெளியே விடுங்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படி விடுவது என்பதற்குத்தான் மீதிப் பதில் முழுவதும்.

பி.இ.டி. இல்லாதது உங்கள் பள்ளிக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான், உடற்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் என்கிறது அது. ஒன்று முதல் ஐந்து வரைக்கும் மைதானம் உண்டு, விளையாட்டுப் பொருட்கள் உண்டு, அவற்றை வைத்துச் சொல்லித்தர ஆள் கிடையாது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-ல் நம் சென்னையில்தான் தொடங்கினார். நூறு வருஷம் தாண்டியும் அந்தப் படிப்பு ஆறு வயதுப் பிள்ளையிடம் வந்து சேரவில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஓடவும் குதிக்கவும் எறியவும் பிடிக்கவும் உடம்பு பழகுகிற வயது அதுதானே. பிறகு நடுநிலைப் பள்ளியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ வருகிற பி.டி. சாருக்கு, ஏற்கெனவே ஓடத் தெரிந்தவர்களைப் பொறுக்கி அணி சேர்க்கத்தான் நேரம் இருக்கிறது. மற்றவர்கள் மைதான ஓரத்தில் உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். அப்படிக் கை தட்டியே பள்ளியை முடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஆகவே அந்த வேலை உங்களிடம் வந்திருக்கிறது. அதற்கு நீங்கள் வீராங்கனையாக இருக்க வேண்டியதில்லை.

அந்தப் பையனுக்கு என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சுவரைத் தொடும் போட்டி எல்லாப் பள்ளியிலும் வைப்பதுதான். ஆனால் முழு வேகத்தில் வருகிற பிள்ளை எங்கே போய் நிற்கும்? கையை நீட்டி ஊன்றும்போது உடம்பின் எடை மொத்தமும் மணிக்கட்டில் இறங்குகிறது. பிள்ளைகளுக்கு வரும் எலும்பு முறிவுகளில் மணிக்கட்டும் முன்கையும்தான் மிக அதிகம், பெரும்பாலும் இப்படி நீட்டிய கையால்தான். ஓட்டத்தை முடிக்க அவனுக்கு இடம் இல்லை, அதுதான் நடந்தது. எல்லைக்கோட்டைச் சுவருக்கு ஐந்தாறு மீட்டர் முன்னால் போட்டிருந்தால் அவன் கோட்டைத் தாண்டி நாலு எட்டு ஓடி, மெதுவாகி, சிரித்துக்கொண்டே திரும்பியிருப்பான். இது உங்கள்மேல் பழி போடச் சொன்னதில்லை. இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. திருத்த வேண்டியது சுண்ணாம்புக் கோடு இருக்கும் இடத்தை. 36 பிள்ளைகளை உள்ளே உட்கார வைப்பதால் அது திருந்தாது. உட்கார்ந்தே பழகிய பிள்ளை ஒருநாள் தெருவில் ஓடும்போது இன்னும் மோசமாக விழும்.

முதல் வாரம் போட்டியே வேண்டாம். நிற்கப் பழக்குங்கள். விசில் ஒரு தடவை ஊதினால் இருந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். காலி தண்ணீர் பாட்டில்களில் மணல் நிரப்பி நாலு மூலையிலும் வைத்து ஒரு கட்டம் போடுங்கள். அதற்குள் எல்லோரும் இஷ்டப்பட்ட பக்கம் நடக்கட்டும், யாரும் யார்மேலும் படக்கூடாது. விசில், நிற்க. அப்புறம் வேகநடை. விசில். அப்புறம் மெதுஓட்டம். ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் 36 பேரும் கட்டத்துக்குள் ஓடிவிட்டால் பாதுகாப்புப் பாடத்தில் பாதிக்கு மேல் முடிந்தது. மைதானத்தில் பல விபத்து, பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே முன்னால் ஓடுவதில்தான் வருகிறது.

அடுத்தது விழுவது. ஜூடோ கற்க வரும் பிள்ளைக்கு முதல் பாடமே விழுவதுதான். மணல் இருக்கும் இடத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்குங்கள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், கையை விறைப்பாக நீட்டக் கூடாது, தோள்பக்கமாகப் புரள வேண்டும். பிள்ளைகளுக்கு இதில் கொள்ளைச் சந்தோஷம். தொப் தொப் என்று விழுந்துகொண்டே இருப்பார்கள். கூடவே குதித்து இறங்குவதையும் சொல்லுங்கள்: இரண்டு காலும் சேர்ந்து தரையைத் தொட வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், சத்தமே வராமல் இறங்குகிறவர்தான் கெட்டிக்காரர்.

வெளியே போகும் முன் மைதானத்தை நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். கண்ணாடிச் சில்லு, கருவேல முள், துருத்திக்கொண்டிருக்கும் கம்பி. நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், நம்மைவிட அவர்களுக்குக் கண் கூர்மை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கண்ணாடி வளையல், சட்டைப்பையில் பென்சில், வாயில் மிட்டாய், எல்லாம் வகுப்பறையிலேயே இருக்கட்டும். ஹவாய் செருப்போடு ஓடுவது ஆபத்து, சுத்தம் செய்த மண்ணில் வெறுங்கால் எவ்வளவோ மேல்.

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களுடையதைவிடக் குறைவாகத்தான் வியர்க்கும், ஓடும்போது எடைக்கு எடை அதிகமாகச் சூடாகும். விளையாட்டு மும்முரத்தில் தாகம் எடுப்பதும் அவர்களுக்குத் தெரியாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகல் 11 மணிக்கு மேல் வெயில் தாழும்வரை மைதானம் வேண்டாம். காலை 10 மணியை ஒட்டியோ கடைசிப் பீரியடிலோ, மர நிழல் விழும் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கேரளப் பள்ளிகளில் 2019-ல் தண்ணீர் குடிக்கவென்று தனியாக மணி அடிக்கத் தொடங்கினார்கள். நீங்களும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விசிலை ஊதி எல்லோரையும் குடிக்க வையுங்கள். ஒரு காலத்தில் காலைப் பிரார்த்தனையிலேயே பசி மயக்கத்தில் பிள்ளைகள் சரிந்து விழுவார்கள். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தபிறகு காலையில் ஓடவைக்கலாம் என்ற தைரியம் நமக்கு வந்திருக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். மதியச் சத்துணவுக்குப் பிறகும் அப்படியே.

இனி என்ன விளையாட்டு என்பது. என் மனதுக்கு நெருக்கமான விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். ஒரு விளையாட்டு நல்லதா என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: இதில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நிமிஷம் அசைகிறது? குலைகுலையா முந்திரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் எல்லோருக்கும் பிடித்தது, எனக்கும்தான். ஆனால் 36 பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஓடுவது இரண்டு பேர், 34 பேர் பார்வையாளர்கள். அதையே ஆறு ஆறு பேராக ஆறு வட்டம் போடுங்கள், யாருக்கும் உட்கார்ந்திருக்க நேரம் இருக்காது. ஓடிப்பிடித்தலில் பிடிபட்டவன் அவுட் என்றால் முதலில் அவுட் ஆவது யார்? மெதுவாக ஓடுகிறவன், குண்டாக இருக்கிறவன், கால் சற்றுச் சரியில்லாதவள். அதிகம் ஓட வேண்டிய பிள்ளைதான் அதிகம் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பதில் லாக் அண்ட் கீ ஆடச் சொல்லுங்கள். பிடிபட்டவர் அப்படியே நிற்பார், நண்பர் வந்து தொட்டால் விடுதலை. ஒரே ஒரு விதி மாறுகிறது, ஆட்டத்தை விட்டு ஒருவரும் வெளியே போவதில்லை. ஒரே பந்தை வைத்து 36 பேரை வரிசையில் நிறுத்துவதும் வேண்டாம். பழைய துணியை உருட்டிக் கட்டினால் பந்து, அது முகத்தில் பட்டாலும் வலிக்காது. இரண்டு பேருக்கு ஒன்று கொடுத்துவிடலாம்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரி 60 நிமிஷம் மூச்சு வாங்க அசைய வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் வலுப்படுத்துகிற அசைவு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். எலும்பை வலுப்படுத்த ஜிம்முக்குப் போக வேண்டுமா என்ன? பாண்டி ஆடினால் போதும். ஒற்றைக்காலில் தாவி இறங்கும் ஒவ்வொரு தடவையும் எலும்புக்கு வேலைதான். கயிறு தாண்டுவதும் கிளித்தட்டும் அப்படித்தான். பச்சைக்குதிரையை மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்று, ஒத்த உயரப் பிள்ளைகளாகச் சேர்த்து ஆடவையுங்கள். குனிகிறவர் தலையை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். செஸ் ஆடட்டும், நல்ல விளையாட்டு, நம் மாநிலத்துக்குப் பெருமை. ஆனால் அது பி.டி. பீரியடைத் தின்னக் கூடாது.

ஈராசிரியர் பள்ளிக்கென்றே செய்துவைத்தது போன்ற ஒரு வழி ஸ்காட்லாந்தில் இருக்கிறது. ஸ்டர்லிங் நகரில் எலைன் வைலி என்ற தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியர் 2012-ல் ஆரம்பித்தது. தினமும் 15 நிமிஷம், எல்லாப் பிள்ளைகளும் பள்ளி உடையிலேயே வெளியே போய் ஓடலாம், மூச்சு வாங்கினால் நடக்கலாம். போட்டி கிடையாது, பொருள் எதுவும் வேண்டாம். இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். அங்கே மழைத் தூறல், இங்கே வேப்பமர நிழல், மற்றபடி ஒன்றுதான். ஐந்து வகுப்பையும் ஒரே நேரத்தில் விடலாம், நீங்கள் ஒருவரே மேற்பார்வை பார்க்கலாம். இளைப்பு இருக்கிற பிள்ளையும் நடந்தே முடிக்கலாம். அந்தப் பிள்ளையின் இன்ஹேலர் மட்டும் வீட்டில் இருக்காமல் உங்கள் மேசைமேல் இருக்க வேண்டும். இளைப்பு, வலிப்பு, இதயக் கோளாறு யாருக்காவது உண்டா என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் கேளுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாதவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது, தோப்புக்கரணம் போட வைப்பது எதுவும் உங்கள் பள்ளியில் இருக்கக் கூடாது. உடலைத் தண்டிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. அதோடு, ஓட்டம் என்றாலே தண்டனை என்று ஒரு பிள்ளை மனதில் பதிந்துவிட்டால் பிறகு எத்தனை வயதானாலும் அந்தப் பிள்ளை ஓடப் போவதில்லை. 'வாய்ப்பாடு சொல்லாவிட்டால் விளையாட்டு கிடையாது' என்பதும் இதே வகைதான். விளையாடினால் படிப்பு கெடும் என்று தலைமை ஆசிரியர் சொன்னால், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-ல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததைச் சொல்லுங்கள். உடற்பயிற்சியால் படிப்புக்கு நன்மை தெரிந்தது, இல்லாவிட்டால் ஒரு வித்தியாசமும் இல்லை. கெடுதல் என்று வந்தது மிக அபூர்வம்.

ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளையும் பாருங்கள். ஒன்பது பத்து வயதிலேயே 'பொம்பளப் புள்ள என்ன ஓட்டம்' என்ற பேச்சு வீட்டில் ஆரம்பமாகிவிடும். பாவாடைக்குள் ஒரு கால்சட்டை போட்டு அனுப்பச் சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும்.

அப்படியும் அடிபடும். சிராய்ப்பைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், காபித்தூள் வேண்டாம். கை வீங்கியோ கோணியோ இருந்தால் எண்ணெய் போட்டு நீவக் கூடாது, இழுக்கவும் கூடாது. ஓர் அட்டையையோ ஸ்கேலையோ அணைகொடுத்துத் துண்டால் தளர்வாகக் கட்டி, எக்ஸ்ரே எடுக்கும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தலையில் அடிபட்டவர் அன்றைக்கு மறுபடி ஆடக் கூடாது. வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம் தெரிந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். நிரந்தரப் பல் விழுந்துவிட்டால் வேர்ப்பக்கம் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். பல சமயம் திரும்பப் பொருத்திவிட முடியும்.

அந்த அப்பாவைப் பற்றி. அவர் சத்தம் போட்டது பயத்தில். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுங்கள். எல்லைக்கோடு எங்கே இருந்தது, இப்போது எங்கே மாற்றியிருக்கிறோம் என்று மைதானத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள். விசில் விதியைப் பிள்ளைகளே அவர் முன்னால் செய்து காட்டட்டும். இனி விளையாட்டு வகுப்பை எப்படி நடத்தப் போகிறோம் என்பதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் தலைமை ஆசிரியருக்கும் தெம்பு வரும். மறுபடி ஏதாவது நடந்தாலும் நீங்கள் தனியாக நிற்க மாட்டீர்கள்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப்பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை விளையாட்டு மானியம் உண்டு. அதில் கிரிக்கெட் மட்டை வாங்கிவிடாதீர்கள். மெத்தென்ற ரப்பர் பந்துகள், தாண்டும் கயிறுகள், கோடு போடச் சுண்ணாம்பு, ஒரு முதலுதவிப் பெட்டி போதும். பழைய சைக்கிள் டயர் ஊருக்குள் சும்மாவே கிடைக்கும். விசில் மட்டும் இரண்டாக வாங்குங்கள், ஒன்று தலைமை ஆசிரியருக்கு.