ஓ பிரியோன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிரான்சின் போர்தோ பகுதி ஒயின் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1855-இல் யாரோ ஒரு தரப்பட்டியல் போட்டார்கள், அதில் முதல் வரிசையில் வந்த நான்கு தோட்டங்களும் இன்றுவரை அந்தப் பெயரிலேயே காசு பார்க்கின்றன. அவற்றில் ஒன்றான ஓ பிரியோன் புட்டிக்கு அவ்வளவு விலை வைப்பது மண்ணாலா, விளம்பரத்தாலா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

விளம்பரமும்தான். ஆனால் அது பட்டியலுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. 1663 ஏப்ரலில் லண்டன் மதுக்கடையொன்றில் ஓ பிரியோன் குடித்த ஆங்கிலேயர் சாமுவேல் பீப்ஸ், இப்படியொரு தனிச்சுவையை எங்கும் கண்டதில்லை என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். போர்தோ ஒயின் பெரும்பாலும் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்றே தெரியாமல் கப்பலேறிய காலம் அது. அப்போதே தோட்டத்தின் பெயரைச் சொல்லி விற்றது அதன் உரிமையாளரான போந்தாக் குடும்பம். குடும்பத் தலைவர் போர்தோ உயர்நீதிமன்றத்தின் தலைவர். லண்டன் தீயில் எரிந்த 1666-இல் மகனை அனுப்பி அங்கேயே ஒரு சாப்பாட்டு விடுதியும் திறந்துவிட்டார்! எனக்கு மண்ணைவிட இந்த மனிதர்மீதுதான் வியப்பு.

சரி, மண்ணுக்கு வருவோம். 1677-இல் ஜான் லாக், ஆமாம், அந்தத் தத்துவவாதியேதான், நேரில் போய்ப் பார்த்தார். கொஞ்சம் சரளை கலந்த வெள்ளை மணல், இதில் என்ன விளையும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அந்தச் சரளைதான் சூட்சுமம். மழைநீர் தேங்காமல் வடிந்துவிடும், வேர் ஆழமாக இறங்கும், பகல் வெயிலைக் கற்கள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் விலை ஏறியதற்கு லாக் சொல்லும் காரணம் மண் அல்ல. என்ன விலையானாலும் முதல்தரம்தான் வேண்டும் என்று பணக்கார ஆங்கிலேயர்கள் சொல்லியனுப்புகிறார்களாம்.

1855 பட்டியலும் விலைக் கணக்குதான். பாரிஸ் கண்காட்சிக்காக அதைத் தயாரித்த போர்தோ தரகர்கள் குடித்துப் பார்த்து மதிப்பெண் போடவில்லை, பல ஆண்டுகளாக எது என்ன விலைக்குப் போனது என்று பார்த்தார்கள். அதில் வந்த சிவப்பு ஒயின் தோட்டங்கள் எல்லாம் போர்தோவின் மெடோக் பகுதியைச் சேர்ந்தவை, ஓ பிரியோன் ஒன்றைத் தவிர. அந்த விலைக்கு விற்ற தோட்டத்தை வெளியே நிறுத்த அவர்களால் முடியவில்லை.

போந்தாக் குடும்பத்துக்குப் பின் தோட்டம் பல கை மாறியது. பட்டியலுக்கு முன்பே, 1800-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் பிரெஞ்சு அரசியல்வாதி தலேரான்கூட வைத்திருந்தார். 1935-இல் அமெரிக்க வங்கியாளர் கிளாரன்ஸ் டில்லன் வாங்கினார், இன்றும் அவர் குடும்பத்திடம்தான் இருக்கிறது.

மண்ணை மட்டும் ருசி பார்க்க வேண்டுமென்றால் ஓ பிரியோன் இருக்கும் பெசாக்-லியோன்யான் வட்டாரத்தின் மற்ற தோட்டங்களை வாங்கிப் பாருங்கள். அங்கும் சரளை உண்டு, பெரும்பாலானவற்றின் விலை பல மடங்கு குறைவு.