குவார்ட்ஸைட் குளிர்காலம்: டிராக்கருக்கு முன் பேனலைச் சாய்த்துப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. டிசம்பரில் அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில் வேன், கூரையில் படுத்த வாக்கில் 400 வாட் சோலார் பேனல், சாயங்காலம் வரை பேட்டரி நிறையவில்லை, சூரியன் பக்கம் தானே திரும்பும் டிராக்கர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

அங்கே டிசம்பர் உச்சிவேளையிலும் சூரியன் சுமார் 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். படுத்த பேனலில் விழுவது நேரடி வெயிலில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். தெற்கு நோக்கி 55 டிகிரி போலச் சாய்த்தால் அந்த நேரத்தில் ஏறக்குறைய முழுசாகக் கிடைக்கும். இதற்குச் சாய்ப்புக் கால்கள் போதும். பேனல் வண்டியின் நீளவாக்கில் கீல் போட்டுச் சாய்வதாக இருந்தால், வண்டியைக் கிழக்கு மேற்காக நிறுத்துங்கள். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

சாய்த்த பிறகு முன்வரிசை நிழல் பின்வரிசை மேல் விழுகிறதா, ஏசி பெட்டி மறைக்கிறதா என்று காலை ஒன்பது மணிக்கு ஏறிப் பாருங்கள். ஓரத்தில் விழும் சின்ன நிழல்கூட உற்பத்தியை நன்றாகவே குறைக்கும்.

டிராக்கர் கூடுதலாகத் தருவது முக்கியமாகக் காலையிலும் மாலையிலும்தான். அதற்காக மோட்டார், எடை, பாலைவனக் காற்று, கிளம்பும்போது மடக்க மறக்கிற அபாயம் எல்லாம் சேரும். அதற்குப் பதில் தரையில் வைக்கும் மடிப்புப் பேனல் ஒன்று வாங்கி, காலையில் தென்கிழக்கு, மதியம் தெற்கு, அப்புறம் தென்மேற்கு என்று கையாலேயே திருப்பலாம். வண்டியை நிழலில் விட்டுவிட்டு இதை வெயிலில் போடலாம். கேபிள் மட்டும் தடிமனாக இருக்கட்டும்.